முட்டை குடிக்கும் கோழி: கொல்லைப்புறத்தில் செய்ய வேண்டியவை

கோழி தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியதில்லை, என் கண்ணால் பார்க்கும் வரை. சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் நாட்டுக்கோழியும் கிராமப்பிரியாவும் கலந்து ஒன்பது கோழிகள், ஒரு சேவல். தினமும் நாலைந்து முட்டை எடுத்துக்கொண்டிருந்த கூடையில் திடீரென்று ஒன்று, இரண்டுதான் கிடைத்தன. மற்றபடி ஈர வைக்கோலும் மஞ்சள் கறையும். ஆத்திரத்தில் கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அப்பத்தா திண்ணையில் இருந்தே குரல் கொடுத்தார்: "கம்பக் கீழ போடுத்தா. கோழி களவாணியாப் பொறக்கல. மொத முட்டை எங்கன ஒடஞ்சுச்சுன்னு போய்ப் பாரு."

மறுநாள் விடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். சிவப்புக் கோழி ஒன்று கூடைப் பக்கம் போனது. கூடையில் ஏற்கெனவே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கேறிக்கொண்டே சுற்றிவிட்டு, மாட்டுக்கொட்டகை மூலையில் சிமெண்டுத் தரைக்குப் போனது. முட்டை வெளியே வரும் நேரத்தில் கோழி முழுதாக உட்கார்ந்திருக்காது. பின்பக்கத்தைத் தூக்கி, பாதி எழுந்த நிலையில்தான் இடும். முட்டை விழுந்தது. 'டொக்' என்று சின்னதாக ஒரு சத்தம். ஓட்டில் மயிரிழை விரிசல். அதில் ஒரு சொட்டு வெள்ளைக்கரு பளபளத்தது. கோழி திரும்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தது. அந்தப் பளபளப்பில் ஒரு கொத்து. அடுத்த கொத்தில் மஞ்சள் வந்துவிட்டது. அதற்குள் இன்னும் இரண்டு கோழிகள் ஓடி வந்தன. ஐந்து நிமிடத்தில் தரையில் ஈரம் மட்டுமே மிச்சம்.

அதன் பிறகு வீட்டில் செய்து பார்த்ததும், கால்நடை மருத்துவரிடமும் அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் கேட்டுக்கொண்டதும் இங்கே. முதல் முட்டை உடையாமல் காத்துவிட்டால் கோழிக்கு அந்த ருசி தெரியப்போவதில்லை. ருசி கண்டுவிட்டால் மறக்கடிப்பது பெரும்பாடு. பாதிக்கு மேற்பட்ட குறிப்புகள் முட்டையைக் காப்பதைப் பற்றியே இருப்பது அதனால்தான்.

1. முதலில் கோழிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாம்பும் உடும்பும் முட்டையை முழுதாக விழுங்கிவிடும். கூடை காய்ந்து சுத்தமாக இருக்கும். காகம் தூக்கிக்கொண்டு போய் வேறெங்காவது உடைக்கும். பெருச்சாளி உருட்டிக்கொண்டு போகும். பொந்துப் பக்கம் தேடினால் தடயம் கிடைக்கும். கோழி குடித்திருந்தால் கூடையிலேயே ஈரம் இருக்கும், வைக்கோல் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருக்கும், ஓட்டுத் துணுக்குகள் சில கிடக்கும். சில கோழிகள் ஓட்டையும் மிச்சம் வைக்காது. அப்போதும் மஞ்சள் கறை காட்டிக்கொடுக்கும்.

2. முட்டையிடும் இடத்தில் மெத்தென்று படுக்கை வேண்டும். முட்டை ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். வெறும் பலகை மீதோ சிமெண்டு மீதோ விழுந்தால் தாங்காது. கூடையின் அடியில் இரண்டு அங்குலம் மணல், அதன் மேல் நான்கு விரற்கடை அளவுக்கு வைக்கோல் அல்லது தென்னை நார்க்கழிவு. உமியை மட்டும் போட்டால் கோழி காலால் சீய்த்து ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் தரையை வெளியே கொண்டுவந்துவிடும். நடுவில் குழிவாக, பழைய சட்டியின் உட்புறம் போல அமைத்துவிட்டால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு மோதாது. வாரம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். அடி தட்டுப்பட்டால் படுக்கை போதவில்லை.

3. நாலைந்து கோழிக்கு ஒரு கூடை அல்லது பெட்டி என்பது கணக்கு. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓரடி இருந்தால் போதும். ஒரு கோழி திரும்பி உட்காரும் அளவுதான் தேவை. அதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் ஏறி, மிதித்து உடைக்கும். எங்கள் வீட்டில் ஒன்பது கோழிக்கு ஒரே கூடை வைத்திருந்தது என் தவறு. சிமெண்டுத் தரைக்குப் போனதற்குச் சிவப்புக் கோழி பொறுப்பில்லை.

4. கூடை இருட்டாக இருக்கட்டும். கோழி பார்த்துத்தான் கொத்தும். வெளிச்சம் குறைவான இடத்தில் முட்டை அதன் கண்ணை இழுக்காது. கொட்டகையின் மூலையில், கதவுக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். முன்னால் பழைய சாக்கை இரண்டு மூன்று கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டால் கோழி அதை விலக்கிக்கொண்டு உள்ளே போய்வரும். முட்டையிடப் போகும் கோழி தானாகவே மறைவான இடத்தைத்தான் தேடும். வைக்கோல் போருக்கு அடியிலும் விறகுக் கட்டுக்குப் பின்னாலும் முட்டை கிடைப்பது அதனால்தான்.

5. இரவில் கோழி அடையும் கம்பு, முட்டைக் கூடையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தில் அடைய விரும்பும். கூடை மேலே இருந்தால் அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாசமாக்கும். அழுக்கான கூடையில் மறுநாள் முட்டையிடாமல் தரையைத் தேடிப் போகும்.

6. முட்டை கிடக்கக் கிடக்க ஆபத்து. பெரும்பாலான கோழிகள் காலை பத்து, பதினொரு மணிக்குள் இட்டுவிடும். அதனால் ஒன்பது மணிக்கு ஒருமுறை, பதினொன்றுக்கு ஒருமுறை எடுங்கள். மாலையில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. எனவே இன்று எட்டுக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு, மறுநாள் பத்துக்கு மேல் என்று தள்ளித் தள்ளிப் போய், சில நாட்களில் பிற்பகலில் இடும்.

7. நாட்டுக்கோழியிடம் ஒரு சிக்கல் உண்டு. கூடையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டால் அது சந்தேகப்பட்டு இடத்தை மாற்றிவிடும். அதற்காகத்தான் நம் வீடுகளில் ஒரு முட்டையை விட்டுவைத்து மற்றதை எடுப்பார்கள். அந்த ஒன்று நிஜ முட்டையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 21ஆம் குறிப்பைப் பாருங்கள்.

8. ஒன்று உடைந்துவிட்டதா? உடனே கூடையை வெளியே எடுத்து வைக்கோலை முழுதாகக் கொட்டுங்கள். கூடையைக் கழுவி வெயிலில் காயவைத்து, புது வைக்கோல் போட்டுத் திரும்ப வையுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் அந்த ஈரத்தை நாலு கோழி கிளறும். தரையில் சிந்தியிருந்தால் சாம்பல் தூவிக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

9. ஓடு மெலிதாக இருந்தால் மேலே சொன்ன எல்லாமே பாதிப் பலன்தான். ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சிறிய நாட்டு முட்டையில் சற்றுக் குறையும். தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும் என்பதால், தினமும் முட்டையிடும் கோழிக்கு 4 கிராம் அளவுக்குத் தேவை. நாம் போடும் அரிசிக் குருணையில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். தானியங்களில் சுண்ணாம்புச் சத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம்தான். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும்; அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை வரும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும், பிறகு அடைக்கு உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொள்ளும். கொல்லையில் மேய்ந்தே அதற்குச் சரிக்கட்டிவிடும். கிராமப்பிரியா போன்ற வகைகள் 200 முட்டை அளவுக்கு இடக்கூடியவை. அப்பத்தா காலத்துத் தீனியைப் போட்டு இந்தக் காலத்துக் கோழியிடம் முட்டை கேட்டால் ஓடு எங்கிருந்து வரும்?

10. கடையில் கிடைக்கும் கிளிஞ்சலை வாங்கி, தனிச் சட்டியில் எப்போதும் வையுங்கள். தீனியில் கலக்க வேண்டாம். தேவைப்படும் கோழி தானாகத் தின்னும். குஞ்சுகளும் சேவலும் சீண்டாது. முட்டையிடாத குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து கூடினால் சிறுநீரகம் கெடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

11. அந்தச் சட்டியை மாலை நாலு மணிக்கு மேல் நிரப்பி, கோழிகள் அடைவதற்கு முன் கொத்தும்படி பாருங்கள். ஓடு உருவாவதற்கு மட்டும் 20 மணி நேரம் ஆகிறது. பெரும்பகுதி வேலை இரவில், கோழி கம்பில் அடைந்திருக்கும்போதே நடக்கிறது. பொடியாக இல்லாமல் குருணையாக இருந்தால் அரைவைப் பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

12. முட்டை ஓட்டையே திரும்பக் கொடுக்கலாம். கொடுக்கும் விதம் முக்கியம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் பத்து நிமிடம் லேசாகச் சிவக்கும் வரை வறுத்து, அம்மியில் வைத்துக் குருணையாக நுணுக்குங்கள். பாதி ஓட்டை அப்படியே கொல்லையில் வீசினால், ஓட்டின் வடிவத்தையும் உள்ளே ஒட்டிய வெள்ளைக்கருவையும் நாமே கோழிக்கு அறிமுகம் செய்துவைக்கிறோம். காலையில் ஆம்லெட் போட்டுவிட்டு ஓட்டை ஜன்னல் வழியாக எறியும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இன்று அடுப்படியில் அதற்கென்று ஒரு டப்பா வைத்திருக்கிறோம்.

13. சூளையில் சுட்ட சுண்ணாம்பைக் கொடுக்கவே கூடாது. அது வாயையும் உணவுக்குழாயையும் பொசுக்கிவிடும். கொடுக்க வேண்டியது சுடாத கிளிஞ்சல்.

14. புரதம் குறைந்தாலும் கோழி முட்டையைத் தேடும். குருணை, சோளம், கம்பு மட்டும் தின்னும் கோழிக்கு அது போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்கும். சோளத்தில் 10 சதவீதம் அளவுதான். கடலைப் பிண்ணாக்கு நல்லது, ஆனால் பூஞ்சணம் பிடித்ததைத் தொடாதீர்கள். அதில் உள்ள நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

காசு செலவில்லாத வழி கரையான். உடைந்த பானை ஒன்றை எடுத்து, உள்ளே கிழிந்த சாக்கு, காய்ந்த சாண வறட்டி, ஓலைத் துண்டு, மட்டை எல்லாவற்றையும் திணித்து, நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் பானையைக் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் தூக்கிப் பார்த்தால் சாக்கு முழுவதும் வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருக்கும். கோழிகளுக்கு நடுவே ஒரு உதறு உதறினால் போதும். எங்கள் கோழிகள் பானையைத் தூக்கும் சத்தத்துக்கே ஓடி வரும். வயிறு நிறைந்த கோழி கூடைக்குள் கொத்துவதற்கு எதையும் தேடுவதில்லை என்பதை இப்படிச் செய்த ஒரு மாதத்தில் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். சூடு வந்தால் கரையான் மண்ணுக்குள் போய்விடும்.

15. தாகத்துக்காகவும் முட்டையைக் கொத்தும். ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கத்திரி வெயிலில் இரு மடங்கு. தண்ணீர்ச் சட்டியை நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். பிளாஸ்டிக் தட்டில் வைத்த தண்ணீர் சுடத் தொடங்கினால் கோழி குடிக்காது. மண்சட்டிதான் சிறந்தது. கடலோர ஊர்களில் உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொடுத்தால் ஓடு மெலியும். நாம் குடிக்கும் தண்ணீரையே கோழிக்கும் கொடுங்கள். கருவாட்டுத் தூள் போடுகிறவர்களும் உப்பைக் கவனியுங்கள்.

16. சித்திரை, வைகாசியில் ஓடு மெலிவது இயல்பு. வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும். அப்படி இரைக்கும்போது ஓடு கட்டத் தேவையான கரியமில வாயு உடம்பிலிருந்து அதிகமாக வெளியேறிவிடுகிறது. கூரை மேல் தென்னங்கீற்று போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தீனியை அதிகாலையிலும் மாலையிலும் வையுங்கள். இந்த இரண்டு மாதம் முட்டையை அடிக்கடி எடுப்பதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

17. அடைத்தே வைத்திருக்கும் கோழிக்குப் பொழுது போகாது. கொத்துவது அதன் பிறவிக் குணம். கொத்த மண்ணும் புல்லும் இல்லாவிட்டால் பக்கத்துக் கோழியின் இறகையும் முட்டையையும் கொத்தும். மொட்டை மாடியில் கூண்டு வைத்திருக்கும் நகரத்து வீடுகளில் இது அதிகம். முருங்கைக் கீரையைக் கட்டாகக் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். தானியத்தைத் தட்டில் வைக்காமல் உமிக்குள் தூவிவிடுங்கள், தேடித் தின்னட்டும். முடிந்தால் மாலை இரண்டு மணி நேரமாவது வெளியே விடுங்கள். சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் புரண்டு குளிக்கும், பேனும் செள்ளும் குறையும். செள் அரிக்கும் கோழி கூடையில் நிலையாக உட்காராது, எழுந்து எழுந்து முட்டையை மிதிக்கும்.

18. அடைக்கு உட்கார்ந்த கோழியை முட்டையிடும் கூடையிலேயே விட்டுவைக்காதீர்கள். மற்றக் கோழிகள் அதன் மேலேயே ஏறி இடம் பிடிக்கும். நெருக்கடியில் முட்டை உடையும். அடைக் கூடையைத் தனி இடத்தில் வையுங்கள்.

19. நாய் துரத்தினாலோ, பிள்ளைகள் விரட்டினாலோ, பட்டாசுச் சத்தத்தில் மிரண்டாலோ கோழி ஓடு முற்றாத முட்டையை இட்டுவிடும். தீபாவளிக்கு மறுநாள் தோல் முட்டை கிடந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தோல் முட்டையைக் கண்டதும் எடுத்துவிடுங்கள். கோழி முதலில் கொத்திப் பழகுவது அதைத்தான். நல்ல தீனி கொடுத்தும் பல கோழிகள் ஒரே சமயத்தில் தோல் முட்டை இட்டால், கூடவே இரைப்பு, தும்மல், கழிச்சல் இருந்தால், அது நோய். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சரிபாருங்கள்.

20. இவ்வளவுக்கும் பிறகு முட்டை குறைகிறதா? இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஒவ்வொரு கோழியாகப் பிடித்து அலகின் நுனியையும், கன்னத்து இறகையும், கழுத்தின் முன்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள் கரு காய்ந்தால் இறகு முள்போல விறைத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சேவலையும் விட்டுவிடாதீர்கள், முட்டை குடிக்கும் சேவல்களும் உண்டு. தெரியவில்லை என்றால் சந்தேகப்படும் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தண்ணீரும் தீனியும் வைத்து, உள்ளே ஒரு முட்டையையும் வையுங்கள். பழக்கம் உள்ள கோழி ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காது.

21. போலி முட்டை. இந்தக் குறிப்புகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். முட்டை அளவில், வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல் ஆற்று மணலில் கிடைக்கும். தச்சரிடம் சொன்னால் மரத்தில் கடைந்து தருவார். பிளாஸ்டிக் முட்டை வாங்கினால் உள்ளே மணல் நிரப்பி அடையுங்கள். இலேசாக இருந்தால் கோழிக்குத் தெரிந்துவிடும். கூடைக்கு இரண்டு, தரையில் வழக்கமாக இடும் மூலையில் ஒன்று. கோழி கொத்தும், அலகு வலிக்கும், ஒன்றும் வராது. நாலு நாள், ஐந்து நாள் கொத்திப் பார்த்து அலுத்துவிடும். சிவப்புக் கோழி எட்டாம் நாள் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் மூன்று கூடை வைத்துவிட்டோம், கிளிஞ்சலும் வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதன்முதலாக முட்டையிடத் தொடங்கும் இளங்கோழிக்கு இரண்டு வாரம் முன்பே கூடையும் போலி முட்டையும் வைத்துவிட்டால், எங்கே இட வேண்டும் என்பதும் பழகிவிடும்.

22. முட்டைக்குள் மிளகாய்த் தூள் அடைத்து வைக்கச் சொல்வார்கள். வேண்டாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதை நாம் பார்த்திருக்கிறோமே. அடைக்கூடையில் வற்றல் மிளகாயும் இரும்புத் துண்டும் வைப்பது இடிக்குப் பயந்து வந்த வழக்கம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கடுகை அரைத்து, ஊதிக் காலி செய்த முட்டையில் நிரப்பி வைப்பது மற்றொரு வழி. என் அனுபவத்தில் ஒரு கோழி அதோடு விட்டது, இன்னொன்று கடுகையும் சேர்த்துத் தின்றது. மற்ற வழிகளோடு சேர்த்துச் செய்து பார்க்கலாம், இதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

23. முட்டை உருண்டு ஓடிவிடும் பெட்டி. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கூண்டின் கம்பித் தரை முன்பக்கம் சரிந்திருக்கும்; இட்ட முட்டை உடனே உருண்டு வெளியே வந்து நின்றுவிடும், கோழியின் அலகுக்கு எட்டாது. கோழியைக் கம்பிக் கூண்டில் அடைக்காமலே அந்த யோசனையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய மரப்பெட்டி ஒன்று போதும். உள்ளே ஒரு பலகையைச் சரிவாகப் பொருத்துங்கள். ஓரடி நீளத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் தாழ்வு. அதைவிடச் சரிந்தால் முட்டை வேகமாக உருண்டு மோதி உடையும், கோழிக்கும் கால் நிலைக்காது. பலகை மீது ரப்பர் கால்மிதியை விரியுங்கள். தாழ்வான பக்கத்துச் சுவரின் அடியில் இரண்டரை அங்குல இடைவெளி விட்டு, அதற்குப் பின்னால் துணி விரித்த சிறு தொட்டி ஒன்றைப் பொருத்துங்கள். இடைவெளியை மறைத்துப் பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டால் முட்டை தள்ளிக்கொண்டு போகும், கோழியின் தலை போகாது. தொட்டிக்கு மூடி கட்டாயம். இல்லாவிட்டால் காகம் கூட்டாளியாகிவிடும். வைக்கோல் இல்லாத பெட்டியைக் கோழி முதலில் ஏற்காது. ஒரு வாரம் சரிவில்லாமல் வைக்கோலோடு பழக்கி, பிறகு வைக்கோலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சரிவைக் கொடுங்கள்.

24. பழக்கம் முற்றிய கோழியை ஒரு வாரம் தனியே வையுங்கள், வெளிச்சம் குறைவான, காற்றோட்டமான இடத்தில். நல்ல தீனி, தண்ணீர், கிளிஞ்சல், இரண்டு போலி முட்டை. இதனால் அது திருந்த வாய்ப்புண்டு. அதைவிட முக்கியம், மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாது. ஒரு கோழியின் பழக்கம் ஒரு மாதத்தில் கூட்டம் முழுவதற்கும் வந்துவிடும்.

25. அலகைச் சூட்டுக்கோலால் சுடுவதும், அவித்த முட்டையைக் கொதிக்கக் கொதிக்க வைத்துக் கொத்தவிடுவதும் சில வீடுகளில் நடக்கிறது. செய்யாதீர்கள். அலகு நகம் போல உணர்ச்சியற்ற பொருளல்ல. உள்ளே நரம்பும் இரத்தமும் ஓடுகிறது. சுட்ட அலகோடு கோழி தீனியை எடுக்க முடியாமல் மெலியும். பொறுக்கித் தின்பது, இறகு கோதுவது, பேன் எடுப்பது எல்லாவற்றுக்கும் அதற்கு இருக்கும் ஒரே கருவி அலகுதான். நுனியை மழுக்கத்தான் வேண்டும் என்றால் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

26. எல்லாம் செய்து மூன்று வாரம் ஆகியும் விடாத கோழியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் முடிவு. சிவப்புக் கோழி திருந்தியது. அதோடு ஓடி வந்த இரண்டில் ஒரு சாம்பல் நிறக் கோழி கடைசி வரை திருந்தவில்லை. மனமில்லாமல்தான் கொடுத்தோம். அப்படிக் கொடுக்க நேர்ந்தால் வாரச் சந்தையில் முட்டைக்கோழி என்று சொல்லி விற்காதீர்கள். அதை வாங்கப் போகிறவர், இரண்டு கோழியை வைத்து முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தர நினைக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் கொல்லையில் இருக்கும் நல்ல கோழிகளையும் அது கெடுத்துவிடும். பத்து, ஐம்பது குறைந்தாலும் பரவாயில்லை, கறிக்கோழி என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.